டர்போ பக்கம் கால் சுத்து

அன்று காலையில் இருந்தே குழாய்க்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் மனைவி அவரிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவியை முடித்துக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்துக்கு வந்திருந்தார். மற்றதையெல்லாம் அவள் கேட்டதில்லை, அதட்டித்தான் வாங்கியிருக்கிறாள்.

அவளை எல்லோரும் வேனக்கா என்பார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பின்னால் பதினெட்டுப் பிள்ளைகள் கூச்சல் போட, இருபது வருடமாக மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டாமல் ஓட்டியிருக்கிறாள். தாண்டினால் வண்டியில் ஒரு பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தி மானத்தை வாங்கும். இருபது வருடம் அடக்கி வைத்த வலது கால் சும்மா இருக்குமா? மலைப்பாதைப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டாள். மூன்று கிலோமீட்டர் ஏற்றம், பதினான்கு வளைவு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்தான் போகும், போட்டி கடிகாரத்தோடு. புதிதாக வருகிறவர்களுக்கு வயது நாற்பத்தைந்து வரைதான் என்று விதி. அவளுக்கு அடுத்த மாதம் நாற்பத்தாறு. இன்றைக்கு ஓட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இந்தப் பிறவியில் கிடையாது.

காரைக் கட்டிக் கொடுத்தது சகலை. அக்காவை இவர் கட்டினார், தங்கையை அவர் கட்டினார். இவர் குழாய் வேலை, அவர் மெக்கானிக். எங்கே சந்தித்தாலும் இரண்டு பேருக்கும் எந்தத் தொழில் பெரிசு என்ற வழக்கு ஓடும். என் கை பட்டால் வண்டி ஓடும் என்பார் அவர். என் கை நின்றால் ஊரே குளிக்காமல் நாறும் என்பார் இவர். அக்கா தங்கை இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

அப்படிப்பட்ட சகலைக்கு, பந்தயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அம்மை போட்டுவிட்டது. நாற்பது வயதில், பெற்ற மகளிடம் இருந்து ஒட்டிக்கொண்டது. பத்து நாளைக்கு அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரில் பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலைதான்: என்ஜினில் இருந்து, அதற்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் டர்போவுக்கு எண்ணெய் கொண்டு போகும் குழாயை மாட்டுவது. சுண்டுவிரல் தடிமன், ஒரு முழ நீளம், இரண்டு முனையிலும் மரை. அவ்வளவுதான். அதை மாட்டித் தர முடியுமா என்று வேனக்கா கேட்டதுதான் அந்த முதல் உதவி. குழாய், மரை, இறுக்குவது! குழாய்க்காரருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. தொழில் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்ட மாதிரியே நினைத்துக்கொண்டார்.

சகலை அறைக்கதவின் அடியில் ஒரு சீட்டைத் தள்ளினார். அரிப்போடு எழுதிய எழுத்து, கோணல்மாணலாக இருந்தது. "என்ஜின் பக்கம் மூணு சுத்து. டர்போ பக்கம் கால் சுத்து, அதுக்கு மேல கூடாது."

குழாய்க்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். என்ஜின் பக்கம் மூன்று சுற்று, சரி. மரையின் மேல் வெள்ளை டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினால் ஒரு சொட்டு கசியாது, அது அவர் இருபத்தைந்து வருடமாகச் செய்கிற வேலை. ஆனால் டர்போ பக்கம் கால் சுற்று டேப்பா? கால் சுற்று டேப்பை எலி வாலுக்குக்கூடச் சுற்ற முடியாதே. சகலையின் கஞ்சத்தனம் அம்மையிலும் போகவில்லை என்று தீர்மானித்து, இரண்டு பக்கமும் தாராளமாக மூன்று மூன்று சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்கினார். ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். டேப் சுற்றுவதற்குப் போய் அவனைக் கேட்பதா என்று ரோஷம். என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார். காய்ந்த துணியால் தடவினால் துணி காய்ந்தே வந்தது. மார்தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில்தான் கார்கள் நின்றன. மொத்தம் இருபத்தாறு. ஒவ்வொன்றும் உறுமுகிற உறுமலில் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வேனக்கா பதினேழாம் எண். நீலச் சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த உடுப்பில், முதுகில் எண் எழுதிய துணியை நான்கு ஊக்கால் குத்திக்கொண்டு, நின்ற இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தாள். பக்கத்துக் காரின் இளவட்டம் ஒன்று, அம்மா யாரைக் கொண்டுவிட வந்திருக்கீங்க என்று மரியாதையாகக் கேட்டது. உன்னை மலை மேல கொண்டுபோய் விடத்தான் என்று அவள் சொன்னதும் அது வாயை மூடிக்கொண்டது.

பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு காரையும் ஓர் அதிகாரி சோதிப்பார். அவருக்கு ஓட்டுநர்கள் வைத்த பேர் வெள்ளைத்தாள். காரணம், என்ஜினுக்கு அடியில் கதவு அகல வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவார். அட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் கார் போகக்கூடாது. மலைப்பாதையில் எண்ணெய் சிந்தினால் பின்னால் வருகிறவன் பள்ளத்தில் போவான், அதனால் அதில் தாட்சண்யமே கிடையாது. சோதனையில் தேறினால் கண்ணாடியில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், ஒட்டி என்பார்கள். அது இல்லாத கார் தொடக்கக் கோட்டுப் பக்கம் வரமுடியாது.

பதினேழாம் காருக்கு அடியில் அட்டை போனது. குழாய்க்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களிடம், குழாய் மாட்டியது நான்தான் என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு நிமிடம் போனது. ஏழு போனது. எட்டாவது நிமிடத்தில் வெள்ளைத்தாள் குனிந்து அட்டையை உருவினார். நடுவில் ஒரு பொட்டு, மிளகு அளவு, பழுப்பாக.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லலாம்தான். ஆனால் தன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறவளோடு சறுக்கிய யானைக்கு அந்தப் பழமொழியால் என்ன ஆறுதல்? வேனக்கா அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பதினொரு மணிக்குள் சரிசெய்தால் இன்னொரு முறை பார்க்கிறேன் என்று வெள்ளைத்தாள் சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். அப்போது மணி பத்தாகப் பத்து நிமிடம்.

குழாய்க்காரர் குழாயைத் தடவினார். என்ஜின் பக்கம் காய்ந்திருந்தது. டர்போ பக்கம் விரல் வழுக்கியது. ஸ்பேனரைப் போட்டு இன்னும் இறுக்கினார். ஓடவிட்டுப் பார்த்தால் முன்னைவிட வேகமாகச் சொட்டியது. இறுக்க இறுக்க ஒழுகுகிற மரையை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. மரை கழண்டது குழாய்க்கா எனக்கா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ரோஷமாவது ஒன்றாவது. மைதானத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் போன் எடுக்கும் என்றார்கள். தொப்பையைப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடினார். சகலை முதல் மணியிலேயே எடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, டர்போ பக்கம் எவ்வளவு இறுக்கினீங்க என்றார். இறுக்கியதை விடுங்கள், டேப்பே மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறேன் என்றார் இவர், பெருமை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததால்.

போன் அறுந்துவிட்டதோ என்று இவர் அலோ அலோ என்றார்.

"டேப்பா? அங்க எதுக்கு சகல டேப்பு?"

"நீங்கதானே கால் சுத்துன்னு எழுதியிருந்தீங்க. கால் சுத்து எப்படிப் பத்தும்னு மூணா போட்டேன்."

"கால் சுத்து ஸ்பேனர் சகல. கையால இறுக்கிட்டு, ஸ்பேனர்ல கால் சுத்து. என்ஜின் பக்கம் இருக்கிறது உங்க தண்ணிக் குழாய் மாதிரி, போகப் போகக் குறுகுற மரை. அங்க மரைதான் அடைக்கும், அதுக்குத்தான் டேப்பு. டர்போ பக்கம் மரை சும்மா இழுத்துப் பிடிக்க மட்டும்தான். உள்ள கூம்பும் கூம்பும் உக்காருது பாருங்க, அடைக்கிறது அதுதான். நடுவுல டேப்பு பிதுங்கி நின்னா கூம்பு எப்படி உக்காரும்?"

குழாய்க்காரர் தொட்டியின் சுவரில் சாய்ந்தார். ஸ்பேனரையும் சுத்து என்போம், டேப்பையும் சுத்து என்போம், ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் பெண்டாட்டியின் பந்தயத்தைக் கவிழ்க்கப் பார்த்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். சகலை நல்ல மனிதர், அந்த நேரத்தில் குத்திக்காட்டவில்லை. கழற்றி, டேப்பை முழுக்க எடுத்து, கூம்பை நகத்தால் தடவிப் பாருங்கள், கீறல் இல்லையென்றால் பிழைத்தோம் என்று மட்டும் சொன்னார்.

கீறல் இல்லை. சூட்டில் கை பொசுங்கப் பொசுங்க, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கழற்றினார். டேப்பைப் பிய்த்து எடுத்துச் சட்டைப்பையில் திணித்தார். கூம்பைத் துடைத்தார். வெறும் உலோகத்தோடு வெறும் உலோகம். டேப் இல்லாமல் ஒரு மரையை மூடுவது அவருக்குச் சட்டை இல்லாமல் கல்யாணத்துக்குப் போவது போல இருந்தது. கையால் இறுக்கினார். ஸ்பேனரில் கால் சுற்று. இன்னும் கொஞ்சம் என்று கை கெஞ்சியது. விடவில்லை.

வெள்ளைத்தாள் வந்தார். அட்டை போனது. என்ஜின் உறுமியது. பத்து நிமிடமும் குழாய்க்காரர் மூச்சுவிட்டாரோ இல்லையோ, அவருக்கே தெரியாது. அட்டையை உருவியபோது அது பால் மாதிரி இருந்தது. மஞ்சள் ஒட்டி கண்ணாடியில் ஏறியது. வேனக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது பாராட்டு என்று இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அவருக்குத் தெரியும். அதற்குள் பந்தயம் தொடங்கி, முதல் கார் மரங்களுக்கு நடுவே அலறிக்கொண்டு மேலே போனது. மைதானமே துள்ளியது. அவளும் துள்ளினாள், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தாள்.

குழாய்க்காரர் கைதுடைக்கத் துணி தேடிச் சட்டைப்பைக்குள் கைவிட்டார். டேப் சுருள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அப்படியே எறிந்திருந்தால் கதை வேறு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற கை அது. கழற்றிய டேப்பை நீவிப் பார்ப்பது தொழில் பழக்கம். காரின் மூக்கில் வைத்து நீவினார். மூன்று சுற்று என்றால் இவ்வளவு நீளம் என்று அவர் விரலுக்குத் தெரியும். நீளம் சரியாகத்தான் இருந்தது. ஓரத்தில்தான் ஓரிடத்தில் கடித்துத் தின்ற மாதிரி இருந்தது. நகம் அளவுத் துண்டு ஒன்றைக் காணவில்லை.

ஸ்பேனரில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. துணியை உதறினார், இல்லை. பையை வெளிப்புறமாக இழுத்துப் பார்த்தார். மண்டியிட்டு மண்ணைத் தடவினார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. வீடுகளில் டேப்புத் துண்டு குழாய்க்குள் போனால் எங்கே போய் நிற்கும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? எந்த இடம் மிகக் குறுகலோ அங்கேதான். குளியலறைக் குழாயின் சல்லடையில் மாட்டும், தண்ணீர் மெலியும், இவர் போய் ஊசியால் எடுத்துவிட்டு வருவார். இந்த எண்ணெய்ப் பாதையில் மிகக் குறுகலான இடம் டர்போவின் வாயில் இருக்கும் துளை. ஊசி நுழைகிற அளவுதான் அது. அங்கே துண்டு மாட்டியிருந்தால், சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியாது. முழுசாக மிதித்து மலை ஏறும்போது டர்போ எண்ணெய் இல்லாமல் காய்ந்து வெடிக்கும், வளைவில், அவள் உள்ளே இருக்கும்போது.

அல்லது, துண்டு எங்கோ காற்றில் பறந்திருக்கும். அப்படியும் இருக்கலாமே. மஞ்சள் ஒட்டி ஒட்டியாகிவிட்டது, அட்டை சுத்தம், எட்டாம் எண் கார் கிளம்பிவிட்டது. இப்போது வாயைத் திறந்தால் ஒட்டி போய்விடும், நேரம் போய்விடும், வாய்ப்பே போய்விடும். இரண்டாவது முறையும் இவரால். சொல்லாமல் விட்டால் பத்துக்கு ஒன்பது பங்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு மனம் சொன்னது. அந்தப் பத்தாவது பங்கு யார் என்று இன்னொரு மனம் கேட்டது. சத்தியமாக அழுகை வந்தது அவருக்கு. கண்ணாடியைத் தட்டினார்.

"துண்டு ஒண்ணு குறையுது. டேப்புல. நகம் அளவு இருக்கும்."

வேனக்கா தலைக்கவசத்துக்குள் இருந்து பார்த்தாள். "உள்ள போயிருக்கா?"

"தெரியல. குறையுதுங்கிறது நிச்சயம். வெளிய எங்கயும் இல்லங்கிறது நிச்சயம். உள்ள இருக்கான்னு திறந்தாத்தான் தெரியும்."

அவள் மலையைப் பார்த்தாள். ஒன்பதாம் கார் அலறிக்கொண்டு மரங்களுக்குள் போய் மறைந்தது. அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் அவள் ஸ்டீயரிங்கை விடவில்லை. பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

"திறங்க."

வெள்ளைத்தாள் ஓடிவந்தார். ஒட்டி ஒட்டிய காரில் ஸ்பேனர் வைத்தால் ஒட்டி செல்லாது என்றார். தெரியும் என்றாள் அவள். வெள்ளைத்தாள், குழந்தையின் புண்ணில் இருந்து பிளாஸ்திரி எடுப்பது போல மெதுவாக மஞ்சள் ஒட்டியை நகத்தால் உரித்தார். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. கடைசிக் கார் கிளம்புவதற்குள் மறுபடி தேறினால் கடைசியாகப் போகலாம், அதற்கு மேல் என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

டர்போ கொதித்தது. பதறாத காரியம் சிதறாது என்று முணுமுணுத்துக்கொண்டே குழாய்க்காரர் கழற்றினார். வேனக்கா போன் வெளிச்சத்தைத் துளையில் அடித்தாள். கறுப்பு எண்ணெய்க்கு நடுவில் ஒன்றும் தெரியவில்லை. அவர் துணி முனையால் எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். மறுபடி வெளிச்சம். துளையின் வாயில், பாதி உள்ளே பாதி வெளியே, வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"ஊக்கு," என்றார். அவள் திரும்பி முதுகைக் காட்டினாள். எண் துணியில் இருந்து ஒரு ஊக்கை உருவி, முனையைக் கொக்கி போல வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டார். தள்ளிவிட்டால் போச்சு. இழுக்க வேண்டும். ஒரு முறை வழுக்கியது. இரண்டாவது முறை மாட்டியது. எண்ணெயில் ஊறிய டேப்புத் துண்டு ஊக்கின் நுனியில் தொங்கிக்கொண்டு வெளியே வந்தது. வெள்ளைத்தாள் அதைப் பார்த்துவிட்டு, தன்னை அறியாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவள் துண்டைக் கையில் வாங்கி, டேப்பின் ஓரத்தில் கடிபட்ட இடத்தில் பொருத்திப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். துடைத்தார், மூடினார், கையால் இறுக்கினார், கால் சுற்று. பதினேழாம் எண்ணை ஒலிபெருக்கி மூன்று முறை கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டது. அட்டை உள்ளே போனது. இருபதாம் கார் கிளம்பியது. முன்பு வாயை மூடிக்கொண்ட அந்த இளவட்டம், தன் முறை வர இன்னும் நேரம் இருந்ததால் வந்து, அட்டைப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து நிமிடங்களை எண்ணத் தொடங்கியது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஏழு. எட்டு. எட்டில் எல்லோரும் குனிந்தார்கள். ஒன்பது. பத்து.

வெள்ளைத்தாள் அட்டையை உருவி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார், வித்தை காட்டுகிறவர் போல. மைதானம் அலறியது.

கோட்டில் இருந்து அவள் கிளம்பிய சத்தத்தைக் குழாய்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் வளைவு. இரண்டாவது. மலை சத்தத்தை விழுங்கியது, துப்பியது, மறுபடி விழுங்கியது. ஒன்பதாவது வளைவுக்கு மேலே டர்போ விசில் அடித்துக்கொண்டு ஏறியபோது அவர் பக்கத்தில் இருந்தவனின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். யார் என்று பார்த்தால் வெள்ளைத்தாள். ஒலிபெருக்கி நேரத்தைச் சொன்னது: இரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. புதியவர்கள் பதினோரு பேரில் நான்காவது. மூன்றாவதாக வந்தவரைவிட அரை விநாடி கூடுதல். பரிசு மூன்று பேருக்குத்தான்.

மேலே போன கார்கள் வரிசையாக இறங்கி வந்தன. கடைசியில் அவள் வந்தாள், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கத்திக்கொண்டே. இறங்கியதும் காரைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். குழாய்க்காரர் அந்த அரை விநாடியை நினைத்து, என்னால்தான், டேப்பால்தான், நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் என்று தொடங்கினார்.

"சும்மா இருங்க," என்றாள். "ஒன்பதாவது வளைவுல டர்போ என்னமா கத்துச்சு தெரியுமா? வெடிச்சிரும் போல. வேற நாளா இருந்தா காலை எடுத்திருப்பேன். ஆனா உள்ள என்ன இருந்துச்சு, என்ன இல்லன்னு என் கண்ணால பாத்துட்டுத்தானே போனேன்? மிதிச்சேன். முழுசா மிதிச்சேங்க. நீங்க வாயத் திறக்காம இருந்திருந்தா..."

அவள் அவரது எண்ணெய்க் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள். உள்ளே இதயம் இன்னும் மலை ஏறிக்கொண்டிருந்தது.